மூச்சு விட ஓர் இஞ்ச்

"ஏங்கண்ணு, உனக்கு உடம்பு போட்டா மொதல்ல எங்க போடும்?"

மூன்று வருடங்களுக்கு முன்பு ஆத்தப்பன் மாஸ்டர் பூங்குழலியிடம் கேட்ட கேள்வி இது. கழுத்தில் டேப், காதில் பென்சில். கேலியாகக் கேட்கவில்லை. தக்காளி எத்தனை நாள் தாங்கும் என்று கடைக்காரரிடம் கேட்பது மாதிரிதான் கேட்டார்.

அப்பா நல்லான் இறந்த பிறகு அவள் படிப்பு பிளஸ் ஒன் பாதியில் நின்றது. பிசிறு வெட்டும் பகுதியில் குட்டிக் கத்தரியோடு தலை குனிந்து உட்கார்ந்திருந்த பெண் அவள்.

"தெரியலீங்க" என்றாள்.

"பாத்து வெச்சுக்க. இனிமே உன்ற வேலையே அதுதான்."

அன்று முதல் அவள் அந்த அருள்புரம் பனியன் கம்பெனியின் ஃபிட் மாடல். விளம்பரத்தில் வரும் மாடல் இல்லை. வெளிநாட்டுக்குப் போகும் உடுப்பின் முதல் சாம்பிளைப் போட்டுக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். சுற்றி நிற்பவர்கள் இழுத்துப் பார்ப்பார்கள், குண்டூசி குத்துவார்கள், தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். S சைஸ் என்றால் பூங்குழலி. அவளுக்குச் சரியாக இருந்தால் கடலுக்கு அந்தப்பக்கம் எத்தனையோ ஆயிரம் பேருக்குச் சரியாக இருக்கும்.

பேசாமல் நிற்பது அவளுக்குச் சிரமமே இல்லை. அவள் பேசாமல் இருப்பதற்காக யாரும் கோபித்துக்கொள்ளாத இடம் உலகத்திலேயே அது ஒன்றுதான்.

XL சைஸ் என்றால் விஜயராணி. பூங்குழலியின் அண்ணன் மோகன்ராஜின் மனைவி. தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். நிட்டிங் யூனிட்டில் வேலை செய்த மோகன்ராஜ் அவளைக் காதலித்துக் கல்யாணம் செய்து நல்லூர் வீட்டுக்குக் கூட்டி வந்தபோது, அம்மா மாரக்காள் மருமகளை மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அண்ணி என்று கூப்பிடக் கூடாது என்று மகளிடம் சொல்லி வைத்தாள். பூங்குழலி இன்று வரை கூப்பிட்டதில்லை. "ஏனுங்க" என்பாள், அவ்வளவுதான்.

ஆனால் கம்பெனியில் விஜயராணிக்கு ஒரு காலம் வந்தது. பெரிய உடம்புக்காரர்களும் அழகுதான் என்று உடுப்பு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியான பையர் ஒரு வரிசை உடுப்பே போட்டார்கள். சாம்பிள் தைத்துக்கொண்டிருந்த விஜயராணியை எழுப்பி நிற்க வைத்தார்கள். வீடியோவில் வந்த வெள்ளைக்கார அம்மாள் அவளைத் திரும்பச் சொல்லி, சிரித்து, "பியூட்டிஃபுல்" என்றாள். விஜயராணி அதை வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

போன வாரம் பையரிடமிருந்து ஒரு மெயில் வந்தது. பெரிய சைஸ்களை நிறுத்துகிறோம். S சைஸின் இடுப்பை ஓர் இஞ்ச் குறைக்கிறோம். அதில் வேறு எதுவும் இல்லை.

விஜயராணி மறுபடியும் மெஷினுக்குப் போனாள். பூங்குழலி சாப்பிடுவதை நிறுத்தினாள்.

நான்கு நாள் கழித்துக் கம்பெனி பாத்ரூமில் கண் இருட்டி விழப் போனவளைப் பிடித்தது விஜயராணிதான். முகத்தில் தண்ணீர் அடித்து, சர்க்கரை கரைத்துக் கொடுத்தாள். "யாருகிட்டயும் சொல்லீராதீங்க. சத்தியம் பண்ணுங்க" என்று பூங்குழலி அழுதாள்.

விஜயராணி கழுத்துச் சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்தாள்.

* * *

இன்று புது அளவில் ஃபிட் பார்க்கும் நாள்.

காலையில் பக்கத்து யூனிட்டின் நிட்டிங் மெஷின் சத்தத்தில் சமையலறைச் சுவர் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. விஜயராணி டிபன் பாக்ஸில் தக்காளிச் சோற்றை அழுத்தி மூடினாள்.

"ஏளா, ரெண்டு இட்லி தின்னுட்டுப் போ."

"இன்னைக்கி விரதமுங்க."

"நேத்து?"

"கிருத்திகை."

"முந்தாநாளு?"

பூங்குழலி தலை சீவுவதில் மும்முரமானாள்.

"எங்க சாமிக்கு வருசத்துக்கு ஒரு தவக்காலந்தான். அதுலயே மீனு இல்லாம நாங்க பாதி செத்துருவோம். உங்க சாமியளுக்கு தெனமும் ஒரு ஆளு பட்டினி கெடக்கணும் போல."

"சாமி விசயத்துல பேச்சு வேண்டாம்" என்று வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மாரக்காள் குரல் கொடுத்தாள். "என்ற புள்ள வேண்டுதல்ல இருக்கறா. பல்லடத்துப் பக்கம் நல்ல எடம் வந்திருக்குது. ஞாயித்துக்கெழமை பொண்ணு பாக்க ஒறம்பரை வர்றாங்க."

கை துடைத்தபடி உள்ளே வந்து மகளின் கன்னத்தைத் தடவினாள்.

"ஆனா கண்ணு, இங்க சித்த சதை இருந்தா நல்லாருக்கும். போட்டோவப் பாத்துட்டு, புள்ளைக்கு ஏதாச்சும் சீக்குங்களான்னு தரகர் கேக்கறாரு. எனக்கு எப்படி இருக்கும்?" பிறகு மருமகளைப் பார்க்காமல் மருமகளுக்குச் சொன்னாள். "ஒரே அடுப்பு, ஒரே சோறு. ஒருத்தி எளைச்சுட்டே போறா, ஒருத்தி ஊதிட்டே போறா."

"நான் ஊதலத்தே. பொறந்ததே இப்படித்தான். எங்கம்மைட்ட கேளுங்க, ஆஸ்பத்திரி தராசே ஆடிப் போச்சாம்."

மாரக்காளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க மறுபடியும் வாசலுக்குப் போனாள்.

பூங்குழலி அறைக்குள் போய்ச் சுடிதார் பேண்டின் இடுப்பை மடித்து ஊக்குக் குத்தினாள். ஒன்று போதவில்லை. முதுகுப் பக்கம் இன்னொன்று. மேலே டாப்ஸை இழுத்துவிட்டால் தெரியாது. அம்மா எதையும் கண்டுபிடிக்க மாட்டாள். அம்மாவுக்கு மகளின் பக்தியில் அத்தனை பெருமை.

திரும்பியபோது விஜயராணி அறைக் கதவருகே நின்றிருந்தாள். ஊக்கைப் பார்த்தாள்.

கம்பெனி வேனில் பக்கத்தில் உட்கார்ந்து, டிபன் பாக்ஸை அவள் மடியில் வைத்தாள்.

"மத்தியானம் இதைத் தின்னுரு."

"ஃபிட் இருக்குதுங்க."

"அதாஞ் சொல்லுதேன். இன்னைக்கு உடுப்பு உன்னையப் பிடிக்காது. தைரியமாத் தின்னு."

ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று பூங்குழலி நினைத்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வேனில் எல்லாரும் பேசிக்கொண்டு வந்தார்கள். பாதிப் பேர் பையில் வடையோ போண்டாவோ இருந்தது. எண்ணெய் வாசனை வந்தபோது அவள் மூச்சைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டாள்.

* * *

பையருக்காக இங்கே தரம் பார்க்கும் பையிங் ஆபீஸிலிருந்து நித்யஸ்ரீ வந்திருந்தாள். நல்ல பெண்தான். சிரித்துக்கொண்டே டேப்பைச் சுற்றினாள்.

"மூச்சை விடுங்க. ம். சூப்பர், கரெக்டா இருக்கீங்க."

வீடியோ திரை உயிர் பெற்றது. பூங்குழலிக்கு ஒரு நிமிடம் அடையாளம் தெரியவில்லை. அதே வெள்ளைக்கார அம்மாள்தான். ஆனால் பாதியாக இருந்தாள். கழுத்தெலும்பு துருத்தி, கன்னத்துத் தோல் தளர்ந்து, சிரிப்பு மட்டும் பழைய இடத்தில் இருந்தது.

ஆத்தப்பன் மாஸ்டர் திரைக்குக் கேட்காமல் மெல்லக் கேட்டார். "மேடத்துக்கு ஒடம்பு சரியில்லீங்களா?"

"ஊசி போடறாங்களாம் மாஸ்டர். வாரத்துக்கு ஒண்ணு. அங்க இப்ப நிறையப் பேரு."

"என்ன ஊசிங்க?"

"பசிக்காம இருக்கறதுக்கு."

"நம்மூர்ல பசிக்கறதுக்கு டானிக் விக்கறானுங்க" என்றார் மாஸ்டர். எல்லாரும் சிரித்தார்கள். மெஷினில் குனிந்திருந்த விஜயராணி சிரிக்கவில்லை.

வரி வரியாக இழுபடும் கரும்பச்சை ரிப் துணியில் உடம்போடு ஒட்டும் நீளமான உடுப்பு. திரைச்சீலைக்குப் பின்னால் பூங்குழலி வயிற்றை எக்கிக்கொண்டு அதைத் தலை வழியாக இறக்கினாள். இடுப்பில் சிக்கும் என்று எதிர்பார்த்தாள். சிக்கவில்லை. பயந்து பயந்து வயிற்றை விட்டாள். துணி அவளோடு சேர்ந்து அசைந்து கொடுத்தது.

ஒரு வாரத்தில் முதல் தடவையாக முழு மூச்சு விட்டாள்.

விளக்குக்குக் கீழே நின்றாள். திரும்பச் சொன்னார்கள், திரும்பினாள். கையைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினாள். திரையில் அந்த அம்மாள் கட்டைவிரலைக் காட்டினாள். மாஸ்டரின் தோள்கள் இறங்கின.

பூங்குழலி மாற்றிக் கொடுத்த உடுப்பை நித்யஸ்ரீ மேசையில் விரித்து டேப் வைத்தாள். எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தாள். திரையின் மைக்கை அணைத்தாள்.

"மாஸ்டர், இது புது அளவு இல்லையே."

"புதுசுதானுங்க."

"இடுப்பு ஒரு இஞ்ச் ஜாஸ்தி. இது போன சீசன் S."

"ரிப்புங்க மேடம். ஸ்டீம் போட்டா சித்த நெகிழும்."

"இடுப்பு மட்டுமா நெகிழும்? யாரு தைச்சது?"

மெஷின் நின்றது. விஜயராணி எழுந்தாள். "நாந்தான் மேடம். வெட்டுனதும் நாந்தான். பழைய பேட்டர்ன் அட்டை ஆணில தொங்குச்சு. மாத்தி எடுத்துட்டேன்."

பூங்குழலிக்கு அப்போதுதான் புரிந்தது. இன்னைக்கு உடுப்பு உன்னையப் பிடிக்காது.

மாஸ்டர் நெற்றியைச் சுருக்கினார். "பழைய அட்டையெல்லாம் கட்டிப் பரண்ல போடச் சொன்னனே. குழலி, நீதான கண்ணு கட்டுன? S அட்டைய உட்டுப்போட்டயா?"

அதட்டலாகக் கேட்கவில்லை. மறந்துட்டனுங்க என்று சொல்லியிருந்தால் தலையில் ஒரு குட்டு வைப்பது போலத் திட்டிவிட்டு விட்டிருப்பார். அந்த ஒரு சொல் அவள் நாக்கு வரைக்கும் வந்தது.

நித்யஸ்ரீ அவளைத் திரும்பிப் பார்த்தாள். "இல்ல, நீங்களே பழைய அளவுல தைக்கச் சொன்னீங்களா? இந்த அளவுல உடம்ப வெச்சுக்க முடியலன்னா ஓப்பனா சொல்லிடுங்க. வேற பொண்ணு பாத்துக்கலாம், ஒண்ணும் தப்பில்ல."

வேறு பெண். பூங்குழலிக்குப் பிசிறு வெட்டும் பகுதியின் நீளமான மேசை கண்ணில் வந்தது. மறுபடியும் அங்கே ஒரு மூலையில், யாரும் பார்க்காமல். இங்கே குண்டூசி குத்தினாலும் அவளைப் பார்த்துத்தான் குத்துகிறார்கள்.

"எல்லாத்தையும் கட்டி மேலதாங்க வெச்சேன்" என்றாள். "S அட்டையும் சேத்தி."

உண்மைதான் சொன்னாள். அதில் ஓர் எழுத்தும் பொய் இல்லை.

மாஸ்டர் ஸ்டூல் போட்டு ஏறி அட்டைக்கட்டை இறக்கினார். கயிறு பிரித்துக் கட்டியிருந்தது. உள்ளே S அட்டை இல்லை. ஆணியில் புது அட்டைக்குப் பின்னால் அது மாட்டியிருந்தது.

"அப்ப மாறிப்போகல" என்றாள் நித்யஸ்ரீ. "தெரிஞ்சேதான் எறக்கிருக்கீங்க. ஏன்? இது அப்ரூவ் ஆகி, மொத்த ஆர்டரும் இந்த அளவுல போயிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

அறையில் இருந்த அத்தனை பேரும் விஜயராணியைப் பார்த்தார்கள். விஜயராணி பூங்குழலியைப் பார்த்தாள்.

இப்போது சொல்லிவிடுவாள். இந்தப் பிள்ளை சோறு தின்று ஒரு வாரம் ஆகிறது என்று சொல்லிவிடுவாள். பூங்குழலி மேசையில் குண்டூசி குத்தி வைக்கும் சின்னத் தலையணையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நிற்பதற்கு அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"ஒண்ணுமில்ல மேடம்" என்றாள் விஜயராணி.

"XL-ஐ நிறுத்துனது நாங்க இல்லம்மா. அதுக்காக இப்படியா பண்ணுவாங்க?"

விஜயராணியின் கை கழுத்துச் சிலுவைக்குப் போயிற்று. இல்லை என்று அவள் சொல்லவில்லை.

"நீங்க ஊட்டுக்குப் போங்க" என்றார் மாஸ்டர், தரையைப் பார்த்துக்கொண்டு. "நான் கூப்புட்டா வாங்க." அவர் கூப்பிட மாட்டார் என்று எல்லாருக்கும் தெரியும்.

* * *

மத்தியானம் ஒடிசாப் பெண் ஆஷா புது அட்டையில் வெட்டிப் புது உடுப்பு தைத்தாள்.

பூங்குழலி கேண்டீனுக்குப் போகவில்லை. கம்பெனிச் சுவருக்குப் பின்னால் போய் டிபன் பாக்ஸைத் திறந்தாள். தக்காளிச் சோற்றின் மேல் ஓர் அவித்த முட்டை இரண்டாக வெட்டி வைத்திருந்தது. விரத நாளில் முட்டை. அவள் விரதத்தை விஜயராணி ஒருநாளும் நம்பியதில்லை.

சோற்றை ஒரு காகிதத்தில் அங்கே படுத்திருந்த நாய்க்குக் கொட்டினாள். நாய் முதலில் முட்டையைத் தின்றது. அது தின்று, காகிதத்தை நக்கி, நிமிரும் வரை பூங்குழலி பார்த்துக்கொண்டே நின்றாள்.

சாயங்காலம் மறுபடியும் விளக்குக்குக் கீழே. புது உடுப்பு இடுப்பில் கயிறு மாதிரி பிடித்தது. வயிற்றை எக்கி, மேல்மூச்சில் நின்றாள். திரையில் அந்த அம்மாள் அருகே வந்து பார்த்தாள்.

"பியூட்டிஃபுல்" என்றாள்.

மூன்று வருடத்தில் பூங்குழலிக்கு அந்தச் சொல் கிடைத்தது இப்போதுதான். இந்தச் சொல்லைத்தான் ஒருத்தி வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

கிளம்பும்போது நித்யஸ்ரீ தோளைத் தட்டினாள். "அடுத்த சீசனுக்கு இன்னும் அரை இஞ்ச் குறைப்பாங்க போல. மெயின்டெயின் பண்ணிக்குவீங்கல்ல?"

பூங்குழலி தலையாட்டினாள்.

வேனில் பக்கத்து இடம் காலியாக இருந்தது. வேறு யாரும் அதில் வந்து உட்காரவில்லை.

* * *

வீட்டுக்குள் நுழையும்போதே மாரக்காளின் குரல் கேட்டது. கம்பெனிச் செய்தி அதற்குள் வீடு வந்து சேர்ந்திருந்தது.

"அன்னைக்கே சொன்னன். கேட்டயா? இப்பப் பாரு, என்ற புள்ள பொழப்புலயே கைய வெச்சுட்டா."

மோகன்ராஜ் வேலை உடுப்போடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. விஜயராணி சமையலறையில் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள், எதுவும் நடக்காதது போல.

பூங்குழலி கதவோரத்தில் உட்கார்ந்தாள். விஜயராணி வந்து அவள் முன்னால் தட்டை வைத்துவிட்டுப் போனாள். மூன்று சப்பாத்தி, உருளைக்கிழங்கு.

"சாப்புடு கண்ணு. பொழுது போயிருச்சு, இனி விரதமில்ல" என்றாள் மாரக்காள்.

மோகன்ராஜ் தங்கையைப் பார்த்தான். "நீயாவது சொல்லு கண்ணு. இவகிட்டக் கேட்டா, சத்தியம் பண்ணிருக்கேன்னு ஒரே வார்த்தை. என்ன சத்தியம், யாருகிட்டச் சத்தியம், ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறா. உனக்கு ஏதாச்சும் தெரியுமா?"

"குடியைக் கெடுக்கறதுக்குச் சத்தியம் வேறயா" என்றாள் மாரக்காள்.

சமையலறையில் சப்பாத்திக் கட்டை உருளும் சத்தம் நின்றது.

பூங்குழலி தட்டைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை வரும் ஒறம்பரை. அம்மாவின் பெருமை. அடுத்த சீசனின் அரை இஞ்ச். ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் அவிழ்ந்துவிடும். நாளை காலை இந்த வீட்டில் எல்லாரும் அவளைச் சுற்றி நின்று அவள் தின்பதையே பார்ப்பார்கள்.

"அட்டை பரண்லதாண்ணா இருந்துச்சு" என்றாள். "அவங்கதான் எறக்கிருக்காங்க."

இதுவும் உண்மைதான்.

மோகன்ராஜ் கண்ணை மூடிக்கொண்டான். "கேட்டுக்கிட்டயா?" என்றாள் மாரக்காள்.

விஜயராணி அடுப்பை அணைத்தாள். கை கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு அறைக்குள் போனாள். அலமாரி திறந்து மூடும் சத்தம். வெளியே வந்தபோது தோளில் பை இருந்தது.

"எங்க போற?" என்று மோகன்ராஜ் எழுந்தான். "ராணி, இங்க பாரு. எங்க போறே?"

அவள் அவனைத் தாண்டி வந்தாள். கதவோரத்தில் பூங்குழலியிடம் நின்றாள். பூங்குழலி நிமிரவில்லை. இடுப்பில் சுருக்கென்று குத்துவதை மட்டும் உணர்ந்தாள். முதுகுப் பக்கத்து ஊக்கு எப்போதோ திறந்துகொண்டிருந்தது. டாப்ஸ் ஏறி, மடித்த துணியும் ஊக்கும் வெளியே தெரிந்தன. மாரக்காள் இரண்டடி தூரத்தில் நின்றாள். திரும்பினால் பார்த்திருப்பாள்.

விஜயராணி பையைச் சரி செய்பவள் போலக் குனிந்தாள். இரண்டு விரலால் ஊக்கை அழுத்தி மூடினாள். டாப்ஸைக் கீழே இழுத்துவிட்டாள். பிறந்த குழந்தைக்குச் சட்டை போடுவது மாதிரி மெல்ல, தோல் படாமல்.

"அண்ணி" என்ற சொல் பூங்குழலிக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றது.

விஜயராணி செருப்பை மாட்டினாள். தெருவிளக்கு வெளிச்சத்தில் அவள் பெரிய நிழல் ஒரு முறை வாசல் முழுக்க விழுந்து, நகர்ந்தது. அவள் படி இறங்கிப் போனாள்.